எட்டுக் கண்களுக்கு எண்ணெய்

அக்டோபர் 6, ஞாயிறு

முதல் பக்கத்தில் என் பெயரை எழுதினேன். தனகோட்டி. நோட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தேன். பிறகு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டு விதத்திலும் நன்றாக இருந்தது.

எனக்கு எழுபத்து மூன்று வயது. போன வருடம் வரை கைநாட்டு. தங்கவயலில் எங்கள் தெருவிலுள்ள புத்த விகாரில் மாலை வகுப்பு நடத்தும் மணிமேகலை டீச்சர்தான் எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். மகளோடு இருக்கப் போகிறேன் என்றதும் இந்த நோட்டைக் கொடுத்தார்கள். "தினமும் ஏதாவது எழுதுங்க. ஒரு வரியா இருந்தாலும் சரி. ஆனா உள்ளதை எழுதுங்க" என்றார்கள்.

ரயிலில் வரும்போது ஜோலார்பேட்டையிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை ஒரு ஸ்டேஷன் பெயரையும் விடாமல் படித்தேன். எதிர் சீட்டுக்காரர் எரிச்சலாகி மேல் படுக்கைக்குப் போய்விட்டார். அதற்கப்புறம் பலகைகளில் எழுத்து மாறிவிட்டது. நானும் படுத்துத் தூங்கிவிட்டேன்.

இந்த ஊர் தாம்னிபூர். வடக்கே வெகுதூரம். நிலக்கரிச் சுரங்கம் ஒன்றும், அதைச் சுற்றிக் கம்பெனி வீடுகளும், இரண்டு கடைகளும் இருக்கின்றன. என் மகள் யசோதரா இங்கே பூமிக்கு அடியில் எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கிறாள். மருமகன் துபாயில் இருக்கிறார்.

இவ்வளவு எழுத ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. யசோ குடத்தைப் பார்த்தால் திட்டுவாள்.

அக்டோபர் 7, திங்கள்

திட்டினாள்.

அக்டோபர் 8, செவ்வாய்

இன்று தண்ணீர் பிடித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

சுரங்கத்துக்குப் புதுச் சாமான் வந்திருக்கிறது. சென்சார் என்கிறார்கள். பன்னிரண்டு. யசோதான் அவற்றுக்குக் கேபிள் இழுத்து இணைப்புப் போட வேண்டும். என்ன சாமான் அது என்று கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்.

"நீ வேலை பாத்த தங்கச் சுரங்கத்துல பாறை வெடிக்கும், இல்ல நைனா? இங்க காத்தே வெடிக்கும்."

நிலக்கரியை வெட்ட வெட்ட மீத்தேன் என்ற வாயு கசியுமாம். அதை அளக்கும் கருவி முன்பே இருக்கிறது. அளவு கூடினால் மின்சாரத்தை நிறுத்திவிடும். ஆனால் கூரை இடுக்கில் ஒளிந்துகொண்ட வாயு அதற்குத் தெரியாது. வெட்டும் மிஷின் பல் பாறையில் உரசி ஒரு பொறி பறந்தால் போதும், அந்த வாயு பற்றிக்கொள்ளும். அங்கேதான் இந்தப் புதுச் சாமானுக்கு வேலை. அதற்கு முன்பக்கம் ஒரு கண்ணாடி இருக்கிறது. தீ பிறந்த உடனே அதிலிருந்து ஒருவித வெளிச்சம் வருமாம். நம் கண்ணுக்குத் தெரியாது, அந்தக் கண்ணாடி வழியாக உள்ளே இருக்கும் கருவிக்குத் தெரியும். தெரிந்ததும், வழியெல்லாம் தொங்கவிட்டிருக்கும் உருளைகளுக்குச் சொல்லிவிடும். உருளை வெடித்து வெள்ளை மாவைக் கொட்டும். தீ அங்கேயே செத்துவிடும்.

"எவ்ளோ நேரத்துல?" என்று கேட்டேன்.

"நீ ஒரு தடவை கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள பாத்து, சொல்லி, கொட்டி முடிச்சிரும்."

கண்ணை மூடித் திறந்து பார்த்தேன். நம்ப முடியவில்லை.

சென்சார் என்று எழுதினால் நேரம் பிடிக்கிறது. இனிமேல் கண் என்று எழுதுகிறேன்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூசை. இன்றைக்கு நிறைய எழுத வேண்டும்.

இந்த ஊர்க்காரர்கள் மிஷின்களுக்குப் போன மாதமே விசுவகர்மா பூசை போட்டு முடித்துவிட்டார்கள். ஆனால் எலக்ட்ரிக்கல் பகுதியில் நம் பக்கத்து ஆட்கள் பதினொரு பேர் இருக்கிறார்கள். அவர்கள் ஆயுத பூசையை விடவில்லை. நாங்கள் வீட்டில் சாமி கும்பிடுகிறவர்கள் இல்லை. யசோவும் பூசையில் கை கூப்ப மாட்டாள். ஆனால் சாமானை எல்லாம் எடுத்துச் சுத்தம் செய்யும் நாள் என்பதால் அவளும் நானும் போனோம். எனக்கு வாசலில் பாஸ் வாங்க அவள்தான் கையெழுத்துப் போட்டாள்.

லாம்ப் ரூமில் நீள மேசை. அதில் தலை விளக்குகள், ஸ்பானர்கள், மீட்டர்கள். நடுவில் அந்தப் பன்னிரண்டு கண்களையும் பெட்டியிலிருந்து எடுத்து வரிசையாக வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண் ஒட்டியிருந்தது. எல்லாவற்றையும் நானே சத்தமாகப் படித்தேன்.

கோதண்டம் என்று ஒரு ஃபிட்டர், வாணியம்பாடிக்காரன். சந்தனக் கிண்ணத்தோடு வந்து முதல் கண்ணாடிக்கு நேரே விரலை நீட்டினான். நான் கையைப் பிடித்துவிட்டேன்.

"இன்னாடா பண்றே?"

"பொட்டு மாமா."

"கண்ணுக்குள்ள சந்தனத்தை அப்பினா அது எப்படிடா பாக்கும்? உன் கண்ணுல அப்பட்டுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். யசோவும் சிரித்தாள். "நைனா சொல்றதுதான் சரி. கண்ணாடி மேல ஒண்ணும் வெக்கக் கூடாது" என்றாள். கோதண்டம் பொட்டைப் பெட்டியின் முதுகில் வைத்துவிட்டுப் போனான். எனக்குப் பெருமையாக இருந்தது. சாமானை அறிந்தவன் ஒருவனாவது அங்கே இருந்தேனே.

அப்புறம் மேனேஜர் துபே வருகிறார் என்று அவர்கள் எல்லாரும் வாசலுக்குப் போனார்கள். மேசைக்குக் காவலாக நான் மட்டும் நின்றேன். கண்ணாடிகளில் பெட்டித் தூசு கொஞ்சம் இருந்தது. விளக்குக்கு வாங்கிய தேங்காய் எண்ணெய் பாட்டிலில் அடியில் மிச்சம் இருந்தது. துண்டு முனையில் இரண்டு சொட்டு விட்டு ஒவ்வொன்றாகத் துடைத்தேன். எட்டோடு எண்ணெய் தீர்ந்துவிட்டது. மிச்சம் நாலைத் துண்டின் காய்ந்த மறு முனையால் துடைத்தேன். எண்ணெய் பட்டது பட்டதுதான். அந்த எட்டும் என்னமாய்ப் பளபளத்தன. குனிந்தால் என் மீசை தெரிந்தது.

தங்கவயலில் டிரில் மிஷினுக்கு முப்பத்தோரு வருடம் எண்ணெய் போட்டிருக்கிறேன். எண்ணெய் போட்ட எந்தச் சாமானும் என்னை ஏமாற்றியதில்லை.

பொரி, கடலை, வாழைப்பழம் கொடுத்தார்கள். கை வலிக்கிறது. சந்தோஷமான வலி.

அக்டோபர் 12, சனி

லீவு. யசோ துணி துவைத்தாள். நான் பிழிந்து கொடுத்தேன்.

அக்டோபர் 14, திங்கள்

கண்களை அடியில் கொண்டுபோய் மாட்டிவிட்டார்கள். அவற்றைச் செய்த கம்பெனியிலிருந்து செல்வின் என்று ஒரு இன்ஜினியர் வந்திருக்கிறார். நாகர்கோயில்காரர். முப்பது வயது இருக்கும். யசோ அவரை வழியில் அறிமுகப்படுத்தினாள். "பாட்டா, சுகம்தானே?" என்று கேட்டார். அவர் ஊரில் தாத்தாவை அப்படித்தான் கூப்பிடுவார்களாம்.

சாயங்காலம் யசோ முகம் சரியாக இல்லை. செல்வினிடம் ஒரு டார்ச் இருக்கிறது. தீயிலிருந்து வருவது போன்ற வெளிச்சத்தை அது காட்டும். உருளைகளின் இணைப்பை எடுத்துவிட்டு அதைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தால் மேலே கண்ட்ரோல் ரூமில் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். பன்னிரண்டில் நாலுக்குத்தான் எரிந்தது. எட்டுக் கண் எதையும் பார்க்கவில்லை.

"கண்ணாடியில அழுக்கா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் இல்ல. செல்வின் பாத்தாரு. பளிச்சுனு கீது. அப்பவும் ஒரு தடவை துணியால தொடச்சாரு. பூசைக்கு வெச்சோம், எங்க நைனாதான் பொட்டு வெக்க உடலன்னு அவர்கிட்ட சொன்னேன். உன்னை ரொம்பப் புகழ்ந்தாரு."

அப்படியானால் கேபிள் இணைப்பில்தான் கோளாறு என்கிறார்களாம். இணைப்புப் போட்டது யசோ.

அக்டோபர் 15, செவ்வாய்

யசோவுக்கு மேனேஜர் துபே கடிதம் கொடுத்திருக்கிறார். இங்கிலீஷில் இருக்கிறது. இணைப்புகளைச் சரியாகப் போடாததற்கு ஒரு வாரத்துக்குள் விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் வேலையை விட்டு நிறுத்தி வைப்பார்களாம்.

"பதினாலு வருஷமா ஜாயிண்ட் போடறேன் நைனா. கண்ணை மூடிகினு போடுவேன்."

"மறுபடியும் பிரிச்சுப் போட்டுப் பாரேன்."

"எட்டையும் பிரிச்சு, வெட்டி, புதுசா போட்டுட்டேன். ஒண்ணும் எரியல."

அவள் விரல்களில் கேபிள் தோல் சீவிய வெட்டுக்காயம் மூன்று இருந்தது. மஞ்சள் வைத்தேன்.

அக்டோபர் 16, புதன்

நாளைக்குப் புது முகப்பில் நிலக்கரி வெட்டத் தொடங்குகிறார்கள். கண்கள் சரியாகும் வரை பொறுக்கலாம் என்று செல்வின் சொல்லிப் பார்த்தாராம். துபே மேலிடத்துக்கு நாள் சொல்லிவிட்டார். நாலு கண் வேலை செய்கிறது, வாயு மீட்டர் இருக்கிறது, இத்தனை வருடம் கண்கள் இல்லாமல்தானே வெட்டினோம் என்கிறாராம்.

"நீ அங்க போவணுமா?" என்று கேட்டேன்.

"நான் போவாம? எட்டும் என் லைன். முகப்புல நின்னுதான் பாக்கணும்."

அக்டோபர் 17, வியாழன்

செல்வினை யசோ சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். கேண்டீன் சப்பாத்தி அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நான் ரசம் வைத்தேன், முட்டை பொரித்தேன். "ரசம் கொள்ளாம் பாட்டா" என்றார். நல்லா இருக்கிறது என்று அர்த்தமாம்.

இலை போட இங்கே வாழை கிடையாது. தட்டில்தான் சாப்பிட்டோம். அவர் தம் கம்பெனியைப் பற்றிச் சொன்னார். அங்கே கண்ணாடி பொருத்துகிற பெண்கள் கையுறை போட்டுக்கொண்டுதான் தொடுவார்களாம்.

"ஏன் தம்பி, வழுக்குமா?"

"இல்ல பாட்டா. விரல்ல உள்ள பிசுக்கு ஒட்டிரக் கூடாதுல்லா. நம்ம கண்ணுக்கு அது தெரியாது. ஆனா தீயிலேருந்து வருற அந்த வெளிச்சம் பிசுக்கைத் தாண்டி உள்ளே போவாது, பாத்துக்கிடுங்க."

"விரல் பட்டாலேவா?"

"விரல் பட்டா கொஞ்சம் மங்கும். எண்ணெய் கிண்ணெய் பட்டுச்சுன்னா அவ்வளவுதான். நமக்குக் கண்ணாடி பளபளன்னு இருக்கும். ஆனா கருவிக்குக் கண்ணு தெரியாது. காய்ஞ்ச துணியால தொடச்சாலும் போவாது, இன்னும் நல்லாப் பரவும்."

யசோ அப்பளம் எடுக்கப் போயிருந்தாள்.

நான் அவருக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினேன். ரசத்தில் மிளகு கொஞ்சம் அதிகம். புளி இங்கே கிடைப்பது பழைய புளி. முட்டைக்கு உப்பு சரியாக இருந்தது.

அக்டோபர் 18, வெள்ளி

யசோ காலை ஷிப்டுக்குப் போனாள். தண்ணீர் பிடித்தேன். எழுத ஒன்றும் இல்லை.

அக்டோபர் 18, மறுபடியும்

ஷிப்டு முடிந்து சங்கு ஊதும்வரை சுரங்க வாசலிலேயே நின்றேன். வெயில் அதிகம். யசோ வந்து, "இங்க இன்னா பண்ணிகினு கீறே?" என்று கேட்டாள். காற்று வாங்க வந்தேன் என்றேன்.

அக்டோபர் 19, சனி

உள்ளதை எழுத வேண்டும் என்றார்கள் டீச்சர். இரண்டு நாளாக உள்ளதை எழுதவில்லை. முட்டைக்கு உப்பு சரியாக இருந்தது என்று எழுதியிருக்கிறேன். அதைப் படித்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

பன்னிரண்டு கண்களில் எட்டுக்கு நான் எண்ணெய் போட்டேன். ஒன்று முதல் எட்டு வரை. எட்டோடு எண்ணெய் தீர்ந்தது. எரியாதவை எட்டு. எந்த எண்கள் என்று யசோவிடம் இன்று காலையில் பேச்சுவாக்கில் கேட்டேன். "ஒண்ணுலேருந்து எட்டு. ஏன்?" என்றாள். சும்மா கேட்டேன் என்றேன்.

சந்தனம் வைக்க வந்தவன் கையைப் பிடித்துத் தடுத்தவன் நான். சந்தனமாக இருந்திருந்தால் யார் கண்ணுக்கும் தெரிந்திருக்கும். அன்றைக்கே துடைத்துப் போட்டிருப்பார்கள். நான் செய்தது யாருக்கும் தெரியவில்லை.

இதை ஏன் வியாழக்கிழமையே சொல்லவில்லை என்று எழுதி வைக்கிறேன். உள்ளே போக எனக்குப் பாஸ் வாங்கிக் கொடுத்தது யசோ. வேலையில் இல்லாத ஒருவன் பாதுகாப்புச் சாமானைத் தொட்டான், அவனைக் கூட்டி வந்தது இவள் என்று தெரிந்தால், துபே இன்னொரு கடிதம் எழுத மாட்டார். நேராக வேலையை விட்டு அனுப்பிவிடுவார். அப்படி நினைத்தேன். வாயைத் திறக்கும்போதெல்லாம் அந்த நினைப்பு வந்து மூடிவிட்டது.

ஆனால் வேலை போனால் தங்கவயலுக்குத் திரும்பிப் போகலாம். இட்லிக் கடை வைக்கலாம். அந்த முகப்பில் பொறி பறந்தால் எங்கே திரும்பிப் போவது?

நேற்று எட்டு மணி நேரம் அவள் அங்கே நின்றாள். இன்றைக்கும் நிற்கிறாள். நாளைக்கு ஞாயிறு. வெட்டு கிடையாது, பழுது பார்க்கும் ஷிப்டு மட்டும்தான்.

வாயால் சொல்ல வராது போலிருக்கிறது. காலையில் அவள் கிளம்பும்போது இந்த நோட்டையே கையில் கொடுக்கப் போகிறேன். எழுத்து கோணலாக இருக்கிறது. படித்துக்கொள்வாள்.

அக்டோபர் 20, ஞாயிறு

கொடுத்தேன்.

ஹெல்மெட்டை இடுக்கிக்கொண்டு நின்றபடியே படித்தாள். முதலில் சிரித்த மாதிரி இருந்தது. பக்கத்தைத் திருப்பினாள். மறுபடி முன்பக்கம் போய்ப் படித்தாள். பிறகு கதவருகில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எப்பலேருந்து தெரியும் உனக்கு?"

"வியாழக்கிழமை. நீ அப்பளம் எடுக்கப் போனபோது."

"வெள்ளிக்கிழமை நான் மிஷின் பக்கத்துலதான் நின்னுகினு இருந்தேன். தெரியுமா?"

"தெரியும்."

நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கொஞ்ச நேரம் தன் விரல் காயத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போனை எடுத்தாள்.

"செல்வின், கோளாறு இன்னான்னு தெரிஞ்சு போச்சு. கேபிள்ல இல்ல. எங்க வீட்லதான் கீது. ஆமா. பழைய தங்கவயல் மாடல். தேங்கா எண்ணெய்ல ஓடுது."

போனுக்குள்ளிருந்து செல்வின் சிரித்தது எனக்குக் கேட்டது. அப்புறம்தான் யசோவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

கம்பெனி ஆஸ்பத்திரியில் ஊசி போடுவதற்கு முன்னால் தடவுவார்களே, அந்த ஸ்பிரிட்டில் ஒரு பாட்டிலும் ஒரு கட்டுப் பஞ்சும் வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் இறங்கினார்கள். நான் கண்ட்ரோல் ரூமுக்கு வெளியே ஜன்னலோரம் நின்றேன். உள்ளே போக இனிமேல் எனக்குப் பாஸ் கிடையாது. உள்ளே கோதண்டம் இருந்தான். விளக்கு எரிந்தால் விரலைக் காட்டு என்று அவனிடம் சொல்லியிருந்தேன்.

ஒரு மணி நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் ஒரு விரல் காட்டினான். கால் மணி கழித்து இரண்டு. பிறகு மூன்று. ஐந்துக்கு அப்புறம் வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. கோதண்டம் டீ குடிக்கப் போய்விட்டானோ என்று ஜன்னலைத் தட்டினேன். "இரு மாமா, நடந்து போவ வேணாமா? ஆறாவது தூரத்துல கீது" என்றான். ஆறு வந்தது. ஏழு வந்தது. எட்டுக்கு அவன் எட்டு விரலைக் காட்டிவிட்டு, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினான்.

அங்கேயே மண்ணில் உட்கார்ந்தேன். இவ்வளவு லேசாக நான் உட்கார்ந்து வெகுகாலம் ஆகிறது.

அவர்கள் மேலே வந்ததும் செல்வின் என் பக்கத்தில் வந்து குந்தினார்.

"பாட்டா, எங்க கம்பெனியில நூறு விதமா சோதிச்சுப் பாப்போம். தண்ணியில முக்குவோம், மண்ணுல உருட்டுவோம். ஆயுத பூசைக்கு ஒரு சோதனை வெக்கணும்னு யாருக்கும் தோணல."

"மன்னிச்சுக்கோ தம்பி."

"சந்தனம் வெச்சிருந்தா நான் கண்டுபிடிச்சிருப்பேன். நீங்க ரொம்ப அறிவா வேலை பண்ணிட்டீங்க, அதாக்கும் குழப்பம்."

அக்டோபர் 21, திங்கள்

யசோ எல்லாவற்றையும் அவளே எழுதி மேனேஜரிடம் கொடுத்துவிட்டாள். பாஸ் வாங்கியதையும் மறைக்கவில்லை. நாளைக்கு என்னையும் கூட்டி வரச் சொல்லியிருக்கிறார்.

சட்டைக்கு இஸ்திரி போட்டேன். இரண்டு தடவை.

அக்டோபர் 22, செவ்வாய்

துபே பருமனான மனிதர். மேசையில் கண்ணாடிக்கு அடியில் பேத்தி படம் வைத்திருக்கிறார். அவர் இந்தியில் கேட்டார், யசோ தமிழில் சொன்னாள். நடந்ததை என் வாக்குமூலமாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார். வழக்கமாக இன்னொருவர் எழுத, கை வைக்கச் சொல்வார்களாம். நானே எழுதுகிறேன் என்றேன். தமிழில்தான் எழுதுவேன் என்றேன். சரி என்றார்.

மூலையில் ஒரு நாற்காலி போட்டார்கள். இரண்டு பக்கம் எழுதினேன். அவர் அதற்குள் டீ குடித்தார், நாலு பேரைப் பார்த்தார், மறுபடி டீ குடித்தார், இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். எழுதி முடித்துக் கொடுத்தபோது தாளை வாங்கி வெகு கவனமாகப் பார்த்தார். தலைகீழாகப் பிடித்திருந்தார். யசோ திருப்பி வைத்தாள். அப்போதும் அதே கவனத்தோடு பார்த்துவிட்டு, ஃபைலில் வைத்தார்.

அப்புறம் என்னிடம் நேராக ஏதோ சொன்னார். வெளியே வந்ததும் யசோவிடம் கேட்டேன்.

"'தெரியாம செஞ்சது நீங்க. தெரிஞ்சே வெட்ட விட்டது நான்'னாரு."

முதல் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அனுமதி இல்லாத ஆளைச் சாமானைத் தொட விட்டதற்கு எச்சரிக்கை என்று இரண்டாவது கடிதம் கொடுத்தார்கள்.

"ஒரு லெட்டர் போச்சு, ஒரு லெட்டர் வந்துச்சு. கணக்கு சரி" என்றாள் யசோ. வேலை இருக்கிறது. அது போதும்.

லாம்ப் ரூமில் புதிதாக ஒரு பலகை மாட்டியிருக்கிறார்களாம். சென்சார் கண்ணாடியை ஸ்பிரிட் தவிர எதனாலும் துடைக்கக் கூடாது என்று இந்தியில் எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே கோதண்டம் தமிழில் சாக்பீசால் 'மாமா கவனிக்க' என்று எழுதி வைத்தானாம். படுபாவி.

அக்டோபர் 24, வியாழன்

செல்வின் ஊருக்குப் போனார். வழியில் சாப்பிடப் புளியோதரை கட்டிக் கொடுத்தேன். பழைய புளிதான்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. நாங்கள் கொண்டாடுவதில்லை. பக்கத்து வீட்டில் ஜிலேபி கொடுத்தார்கள். அவர்கள் பிள்ளைகள் பட்டாசு வெடித்தபோது யசோ ஜன்னலைச் சாத்தினாள். "வேலை நாள்லதான் இதுக்குக் காவல் காக்கறோம், லீவு நாள்லயுமா" என்றாள்.

நவம்பர் 5, செவ்வாய்

காலை பதினொன்று இருக்கும். கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். சங்கு ஊதிற்று. ஷிப்டு மாறும் நேரம் இல்லை. நீளமாக ஊதாமல் விட்டு விட்டு ஊதிற்று. பக்கத்து வீட்டு அம்மா வெளியே ஓடினாள். நானும் ஓடினேன்.

சுரங்க வாசலில் கூட்டம். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. இந்தியில் பேசினார்கள். முகப்புக்கு அவர்கள் சொல்லும் ஃபேஸ் என்ற சொல்லும் கேஸ் என்ற சொல்லும் மட்டும் எனக்குப் புரிந்தது. பக்கத்து வீட்டு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் புருஷனும் அதே முகப்பில்தான் இருக்கிறான். அவளுக்கு என் பேச்சு தெரியாது, எனக்கு அவள் பேச்சு தெரியாது. கையை மட்டும் விடவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பிறகு ஆட்களை ஏற்றி வரும் கூண்டு மேலே வரும் சத்தம் கேட்டது. கேட் திறந்தது. ஒன்பது பேர் வெளியே வந்தார்கள். நடந்து வந்தார்கள். ஒன்பதை நான் மூன்று தடவை எண்ணினேன்.

எல்லாரும் வெள்ளை. தலை, முகம், சட்டை, பூட்ஸ் எல்லாம் மாவு. ஆண் யார், பெண் யார் என்றே தெரியவில்லை. ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தேன். இவளா, இல்லை. இவளா, இல்லை. எனக்குக் கண் மறைத்தது. பக்கத்து வீட்டு அம்மாவும் அப்படித்தான் யாரையோ கட்டிப் பிடித்து, அவன் இல்லை என்று தெரிந்து விட்டுவிட்டு, அடுத்தவனைக் கட்டிப் பிடித்தாள்.

கடைசியாக வந்த வெள்ளை உருவம் என் எதிரில் நின்று என் காலைப் பார்த்தது.

"செருப்பு எங்க? தார் ரோட்டுல இந்த வெயில்ல வெறுங்காலோட வந்திருக்கே?"

அதற்கப்புறம்தான் அழுதேன்.

நடந்ததை வழியில் சொன்னாள். மிஷின் பல் கூரைப் பாறையில் உரசியது. ஒரு நீல வெளிச்சம். அது நீலமா என்று யோசிப்பதற்குள் எல்லாம் வெள்ளையாகிவிட்டது. சத்தம்கூட பெரிதாக இல்லை, யாரோ பெரிய மாவு மூட்டையைத் தரையில் போட்டது போலத்தான். ஒருவருக்குப் புருவம் கருகியிருக்கிறது. ஒருவர் தடுக்கி விழுந்து முட்டியில் சிராய்ப்பு. அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து மூன்று வாளித் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். கீரைக் குழம்பை ஊற்றிச் சோறு சாப்பிட்டாள். இரண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டாள். படுத்த உடனே தூங்கிவிட்டாள். பகல் இரண்டரை மணிக்கு அவள் தூங்கி நான் பார்த்ததே இல்லை.

மூன்று மணிக்கு அவள் போன் அடித்தது. செல்வின். நான் எடுத்தேன்.

"பாட்டா, எல்லாரும் சுகம்னு துபே சார் சொன்னாரு. கருவியில பதிவானதை எனக்கு அனுப்பியிருக்காங்க. இப்பதான் பாத்தேன். எட்டு மில்லிசெகண்டுல புடிச்சிருக்கு பாட்டா."

அது எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. எனக்கு வேறு ஒன்று கேட்க வேண்டியிருந்தது.

"எந்தக் கண்ணு தம்பி?"

"ஆறும் ஏழும்."

"ஒம்பதுலேருந்து பன்னெண்டு வரைக்கும் இருக்கற நாலும்?"

அவர் வரைபடத்தைப் பார்த்துச் சொன்னார்.

"அது வளைவுக்கு அந்தப் பக்கம் பாட்டா. அதுவும் பாத்திருக்கும். ஆனா அதுக்குத் தெரியும்போது தீ இவங்களைத் தாண்டியிருக்கும்."

"சரி தம்பி."

"நீங்க அந்த ஞாயித்துக்கிழமை சொன்னது நல்லதாப் போச்சு."

"சரி தம்பி. யசோ தூங்குது. எழுந்ததும் பேசச் சொல்றேன்."

போனை வைத்துவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். காதுக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் மாவு ஒட்டியிருந்தது. ஈரத் துணியால் மெல்லத் துடைத்தேன். கண்ணைத் திறக்காமலே, "விடு நைனா" என்றாள்.

விட்டேன்.